தாஹா ஹுசைனுக்கு வாசித்துக் காட்டியவர்கள்

எகிப்தின் மினியா மாகாணத்தில் மகாகா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1889-ல் பிறந்தவர் தாஹா ஹுசைன். மூன்று வயதளவில் கண்நோய் வந்தது; ஊர் நாவிதர் பார்த்த வைத்தியத்தில் பார்வை போனது. குர்ஆன் மக்தபில் சேர்த்தார்கள். ஒன்பது வயதுக்குள் ஹாஃபிழ் ஆகிவிட்டார். ஹிஃப்ழு காதால் நடக்கிற காரியம். கிதாபு ஓதத் தொடங்கும்போதுதான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

1902-ல் அண்ணனுடன் கெய்ரோ சென்றார். அல்-அஸ்ஹரில் பார்வையற்ற மாணவர்களுக்கென்றே தனிப் பகுதி பல காலமாக இருந்தது. ஆனாலும் நுழைவுச் சோதனையில் கஹ்ஃப், அன்கபூத் சூராக்களை ஓதச் சொன்ன உஸ்தாத், அந்தப் பிள்ளையைப் பெயரால் அழைக்கவில்லை. கண் தெரியாதவன் என்பதையே பெயராக்கி அழைத்தார். அந்த வலியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அண்ணன் கெட்டவர் அல்ல. ஆனால் அவரும் ஒரு மாணவர். அவருக்கும் பாடம் இருந்தது, தோழர்கள் இருந்தார்கள். தம்பியை ஒரு பாடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து அழைக்கும்வரை தம்பி அங்கேயே இருக்க வேண்டும். மாலையானால் அறையில் தனியாக விட்டுவிட்டுத் தோழர்களிடம் போய்விடுவார். மூலையில் அமர்ந்து, பூச்சிகளும் எலிகளும் ஓடும் சத்தத்தைக் கேட்டு நடுங்கியபடி இரவைக் கழிப்பார் அந்தச் சிறுவர். ஒரு தேநீர் வேண்டுமென்று கேட்கவும் கூச்சம். நம் மதரஸாக்களிலும் இப்படிப்பட்ட பிள்ளை வந்தால், பக்கத்துப் பையனிடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனுக்கும் பாடம் இருக்கிறதே!

பிறகு ஊரிலிருந்து சாச்சியின் மகன் ஓத வந்தார். கூடவே இருந்தார், கையைப் பிடித்து அழைத்துப் போனார், சேர்ந்து கிதாபு பார்த்தார். தாஹாவின் மாணவ வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது எனலாம்.

1908-ல் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1914-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், தம்மைப் போலவே பார்வையிழந்த கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீ. அடுத்து பிரான்ஸ். மோன்பெலியே நகரில் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வந்தவர் சூசான் என்ற மாணவி. பிரெஞ்சு இலக்கியம் அந்தக் குரல் வழியாகவே அவருக்குள் போனது. லத்தீனும் கற்றார், சோர்போனில் இப்னு கல்தூன் பற்றி ஆய்வு செய்தார். 1917-ல் இருவரும் மணந்துகொண்டனர். ஆனால் எல்லா மாணவருக்கும் வாசிப்பவர் வாழ்க்கைத் துணையாக அமைவதில்லை.

1919-ல் பேராசிரியராக நாடு திரும்பினார். ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி 1926-ல் அவர் எழுதிய நூல் உலமாக்களைக் கொதிக்கவைத்தது. அதில் எனக்கும் அவரோடு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு.

1950-ல் கல்வி அமைச்சரானதும் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். வீட்டில் காசில்லை என்பதால் எந்தப் பிள்ளையும் வாசலில் நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அந்த நாட்களிலும் கோப்புகளை வாசிக்க ஒரு செயலாளர் வேண்டியிருந்தது. பரீத் ஷஹாதா என்பவர் பல ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். சம்பளம் வாங்கி, நேரத்துக்கு வந்து, வாசித்து, சொல்வதை எழுதிக்கொள்வார். அறை மூலையில் கழிந்த அந்த இரவுகளைச் சொல்லும் 'அல்-அய்யாம்' நூலையும் தாஹா வாயால் சொல்ல, வேறொருவர் கைதான் எழுதியது. 1973 அக்டோபர் 28-ல் அவர் காலமானார்.