டின் பாலை எதிர்த்த டாக்டர்: சிசிலி வில்லியம்ஸ் யார்?

தேக்கா பக்கம் எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் பால்மாவு டின்களுக்குன்னு தனி அலமாரி இருக்கும். டின்னைத் திருப்பிப் படிச்சா டிஎச்ஏ, லினோலெயிக் அமிலம்னு கொழுப்பு அமிலங்களின் பெயர்கள் வரும். ஆனால் 1930களில் இங்கே பல கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது கொழுப்பு நீக்கிய இனிப்பு டின் பால். கோப்பியில் ஊத்துவாங்களே, கிட்டத்தட்ட அதே சாமான்!

அதை எதிர்த்துப் பேசியவர்தான் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். இன்றைய கானாவில் வேலை செய்தபோது குவாஷியோர்கர் என்ற சத்துக்குறைவு நோயை உலகத்துக்கு அடையாளம் காட்டினார். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார்.

அந்த டின் பாலில் என்ன பிரச்சினை?

தாய்ப்பாலில் உள்ள சக்தியில் சுமார் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. லினோலெயிக் அமிலத்தை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். எலிகளை வைத்து அதைக் கண்டுபிடித்ததே 1929-30இல்தான். டிஎச்ஏ மூளைக்கும் கண்ணுக்கும் தேவைன்னு தெரிய இன்னும் பல காலம் ஆனது. பாலில் கொழுப்பை எடுத்தால் அதோடு சேர்ந்து வைட்டமின் ஏ, டி இரண்டும் போய்விடும். ஏ இல்லாவிட்டால் பார்வையே போகலாம், டி இல்லாவிட்டால் எலும்பு வளையும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கினால் வயிற்றுப்போக்கு வேறு.

இவ்வளவுக்கும் தாய்மார்களிடம் பால் இல்லாமல் இல்லை. தாதியர் போல் உடுத்திய பெண்களை நிறுவனங்கள் வீடு வீடாக அனுப்பி, டின் பாலை நம்பவைத்தன. சிசிலிக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேச அழைத்தார்கள். அவர் வைத்த தலைப்பு: பாலும் கொலையும். இப்படிப்பட்ட விளம்பரத்தால் பிள்ளைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம். வியாபாரிகள் நிறைந்த சபையில் அதைச் சொல்ல நிஜமாவே துணிச்சல் வேணும்.

பிறகு போர் வந்தது. சாங்கியில் கைதியாக இருந்தார். கெம்பெய்தாய் அவரை மாதக்கணக்கில் அடைத்து விசாரித்தது. பெரிபெரி நோயால் பாதங்கள் மரத்துப்போயின. அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. எல்லாருக்கும் தாய்ப்பால்தான். 20 பேரும் பிழைத்தார்கள்.

1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பால்மாவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதிமுறை 1981இல்தான் நிறைவேறியது. ஆதரவாக 118 நாடுகள், எதிராக அமெரிக்கா மட்டும். அப்போது சிசிலிக்கு வயது 87.

இன்றைய பால்மாவு அந்த டின் பால் இல்லை. தாவர எண்ணெய், மீன் எண்ணெய் அல்லது பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ என்று தேவையான கொழுப்பு சேர்க்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் விளம்பரம்? சிங்கப்பூரில் 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்தாண்டில் இரு மடங்குக்கும் மேல் ஏறி சுமார் 56 வெள்ளி ஆனதாக 2017இல் போட்டித்தன்மை ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செய்த பெரும் செலவும் அதற்கொரு காரணம். அதன் பிறகு, கைக்குழந்தைப் பால்மாவு டின்களில் உடல்நலப் பெருமை பேசுவதற்கு அரசாங்கம் தடை போட்டது.

சிசிலி 1992இல் தமது 98ஆவது வயதில் காலமானார்.