தோற்றுப் புகழ்பெற்ற தேயிலைத் துரை

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா பந்தயங்களின் ஊராகிவிடும். அப்பந்தயங்களுள் 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் பெயர்பெற்றது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதையிலே கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடும். கரையிலே நின்று காண்போர் நடுவிலோ வேறொரு போட்டி நடைபெறும். வென்றவன் சாரதியா, காரா என்பது ஒரு வழக்கு. எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப வகுப்புப் பிரிக்கும் விதி நேர்மையானதா என்பது மற்றொரு வழக்கு. ஹற்றன் பகுதியிலிருந்து வரும் என் மாணவர் சிலர் கடல்கடந்த பந்தயங்களையும் விட்டுவைப்பதில்லை. கடையிலே விற்கும் காரின் உருவத்தை ஒத்த கார்களை வட்டப் பாதையிலே ஓட்டும் அமெரிக்கப் பந்தயத்தை 1948இல் அமைந்த நாஸ்கார் என்னும் சங்கம் நடத்தி வருகிறது. அச்சங்கம் 2004இல் புள்ளி முறையை மாற்றி, இறுதிப் பத்துப் பந்தயங்களுக்குத் தனிக்கணக்கு வகுத்தபோது, இரசிகர் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஆண்டு பல கழிந்தும் அவ்வழக்கு ஓயவில்லை என்று மாணவர் சொல்லக் கேட்கிறேன்.

இவ்வழக்குப் புதியதன்று. நூறாண்டுக்கு முன்னர் உலகத்தின் பெருநகரங்களெல்லாம் இதே வழக்கைப் பேசின. அன்று ஓடியவை கார்கள் அல்ல, பாய்க்கப்பல்கள். அவ்வழக்கின் நடுவிலே நின்றவரோ நம் மலைநாட்டுத் தேயிலையாற் பெரும்பொருள் ஈட்டிய சேர் தாமஸ் லிப்டன் என்பவர். தேநீர்க் கோப்பையோடு அவர் பெயரை இணைத்து அறிந்தவர் பலர். ஐந்து முறை பந்தயத்திலே தோற்று, அத்தோல்விகளாலேயே புகழ் பெற்ற வரலாற்றை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

லிப்டன் ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலே 1848ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சிறு மளிகைக் கடை நடத்தி வாழ்ந்தவர். இளவயதிலேயே பள்ளியை விட்டு எடுபிடி வேலைக்குச் சென்ற சிறுவன், பின்னர்க் கப்பலிலே பணியாளனாகச் சேர்ந்து, அதிற் கிடைத்த சிறு பணத்தைக் கொண்டு 1860களின் நடுவிலே அமெரிக்கா சென்றான். அங்கே புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தான். நியூயோர்க்கிலே ஒரு பெரிய கடையில் வேலைபார்த்தபோது, பொருளை விற்பதைவிட அதனை மக்கள் கண்முன் நிறுத்துவதே வணிகத்தின் உயிர் என்பதைக் கற்றான். ஊர் திரும்பி 1871இலே கிளாஸ்கோவிற் சொந்தக் கடை திறந்தான். பொற்காசுகளை உள்ளே பொதிந்த பெரும் பாலாடைக் கட்டியை ஊர்வலமாகக் கொணர்ந்து விற்பது போன்ற உத்திகளால் மக்களைக் கடைவாயிலிலே திரளச் செய்தான். ஒரு கடை பல கடையாயிற்று. பல கடை நாடெங்கும் பரவிற்று.

இவர் இலங்கைக்கு வந்தது 1890ஆம் ஆண்டிலே. 1869இல் தோன்றிய இலைநோய் மலைநாட்டுக் கோப்பியை அழித்திருந்தது. 1867இலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மலிந்த விலைக்குக் கிடைத்த தோட்டங்களை லிப்டன் வாங்கினார். நுவரெலியாவுக்கு அப்பால், ஊவா மலைகளிலே, அப்புத்தளையை அடுத்துள்ள தம்பேதென்னைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. இடைத்தரகரை விலக்கி, தம் தோட்டத்துத் தேயிலையைத் தம் கடையிலேயே, நிறை குறித்த சிறு பொட்டலங்களில், ஏழைக்கும் எட்டும் விலையில் விற்றார். செல்வர் வீட்டுப் பானமாக இருந்தது தொழிலாளர் வீட்டுப் பானமாயிற்று. அவர்க்குச் செல்வம் வெள்ளமெனப் பாய்ந்தது. 1898இலே சேர் பட்டமும் வந்தது.

செல்வம் வந்தபின் அவர் மனம் கடலை நாடிற்று. 1851ஆம் ஆண்டிலே அமெரிக்கா என்னும் பெயருடைய பாய்க்கப்பல் இங்கிலாந்துக் கடலிலே வென்று சென்ற வெள்ளிக் கிண்ணம் ஒன்று நியூயோர்க் பாய்க்கப்பற் கழகத்தின் வசம் இருந்தது. அதனை மீட்க வந்தோர் அனைவரும் தோற்றுத் திரும்பியிருந்தனர். தோற்றதற்குக் கப்பலும் மீகாமனும் மட்டும் காரணமல்லர். விதியும் ஒரு காரணம். கிண்ணத்தைக் கேட்டு வருபவர் தம் கப்பலைக் கடல்வழியே பாய்விரித்து ஓட்டியே வரவேண்டும் என்பது கொடைப் பத்திரத்தின் கட்டளை. ஆகவே அக்கப்பல் அத்திலாந்திக்கின் அலைகளைத் தாங்குமாறு வலிதாகவும் கனமாகவும் கட்டப்படல் வேண்டும். காத்து நிற்பவர்க்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. கரையோரக் காற்றுக்கேற்ப மெல்லிதாகக் கட்டிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, கிண்ணத்தைக் காப்பவரும் அதே கழகத்தார், பந்தயத்தை நடத்துபவரும் அதே கழகத்தார். இவ்விதி நேர்மையுடையதா என்று இரு நாட்டுச் செய்தித்தாள்களும் ஓயாது வாதிட்டன.

1899இல் லிப்டன் முதன்முறை அறைகூவினார். தம் கப்பலுக்கு அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைச் செடியின் பெயரால் ஷாம்ரொக் என்று பெயரிட்டார். எதிர்நின்ற கொலம்பியாவை ஓட்டியவன் சார்லி பார். இவன் லிப்டன் பிறந்த கிளாஸ்கோவுக்கு அணித்தாகிய கூரொக் என்னும் துறையிலே பிறந்து, அமெரிக்கக் குடிமகன் ஆனவன். எதிரியின் கப்பலை உரசுவதுபோல் நெருங்கி அவன் நெஞ்சை நடுங்க வைப்பதிலே வல்லவன். ஒரே ஆற்றுக் கரையிற் பிறந்த இருவர், ஒருவர் பணத்தாலும் ஒருவன் கைத்திறத்தாலும், அந்நிய நாட்டுக் கடலிலே மோதினர். மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியைக் கொண்டு அப்போட்டியின் செய்தியைக் கடலிலிருந்தே கரைக்கு அனுப்பினார். ஷாம்ரொக் மூன்று ஓட்டத்திலும் தோற்றது.

1901இலே இரண்டாம் ஷாம்ரொக் வந்தது. மீண்டும் கொலம்பியா, மீண்டும் சார்லி பார். முதலிரண்டு ஓட்டங்களும் லிப்டனுக்குத் தோல்வியாய் முடிந்தன. மூன்றாம் ஓட்டத்திலே ஷாம்ரொக் இரண்டு வினாடி முந்தி எல்லைக்கோட்டைக் கடந்தது. ஆயினும் வெற்றி கொலம்பியாவுக்கே உரியதாயிற்று. நீளத்தையும் பாயின் பரப்பையும் அளந்து, பெரிய கப்பல் சிறிய கப்பலுக்குக் காலச்சலுகை தரவேண்டும் என்பது விதி. அச்சலுகையைக் கணக்கிட்டபோது, முந்தி வந்தவர் 41 வினாடி பிந்தியவர் ஆயினர். கண்ணாற் கண்ட வெற்றியைக் கணக்கு விழுங்கிவிட்டது என்று சிலர் கொதித்தனர். அளவு வேறுபட்ட இரண்டை ஒப்பிட அக்கணக்கே நீதி என்று சிலர் அமைந்தனர். லிப்டன் ஒன்றும் முறையிடவில்லை. வென்றவரை வாழ்த்திவிட்டுப் புன்னகையோடு திரும்பினார்.

விதியின் இண்டு இடுக்குகளை அறிந்தவன் வெல்வான் என்பதற்கு 1903ஆம் ஆண்டு சான்று. நத்தனியேல் ஹெரெஷொஃப் என்னும் கப்பற் சிற்பி, நீர்க்கோட்டின் நீளத்தையே பெரிதும் நோக்கிய அளவுவிதியை நன்கு ஆராய்ந்து, ரிலயன்ஸ் என்னும் பெருங்கப்பலைக் கட்டினார். நிற்கும்போது அளவுக்குட்பட்டும், சாய்ந்து ஓடும்போது நீரில் நீண்டும் விளங்குமாறு அது அமைந்தது. அதன் பாய்ப்பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேற்பட்டது. மூன்றாம் ஷாம்ரொக் அதன்முன் நிற்கவில்லை. இறுதி ஓட்டத்திலே மூடுபனியில் வழிதவறி விலகிற்று. சார்லி பாருக்கு அது தொடர்ந்து மூன்றாம் வெற்றி. இனி எவரும் இவ்வாறு ஒரு கப்பலைக் கட்டி விதியை ஏய்க்காதிருக்குமாறு புதிய அளவுவிதி வேண்டும் என்ற குரல் எழுந்தது. அப்புதிய விதியை வகுத்தவரும் அதே ஹெரெஷொஃப் என்பது எண்ணத்தக்கது. பழைய விதியின் ஓட்டையை முற்றும் அறிந்தவர்க்கே அதனை அடைக்கும் வழியும் தெரிந்திருந்தது.

நான்காம் ஷாம்ரொக் 1914இலே கடலைக் கடந்துகொண்டிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. ஆறாண்டு அக்கப்பல் அமெரிக்காவிலே காத்துக்கிடந்தது. 1920இலே ரெசொலூட் என்னும் கப்பலோடு போட்டி. ஐந்து ஓட்டங்களில் மூன்றை வெல்பவர்க்குக் கிண்ணம். முதலிரண்டையும் லிப்டன் வென்றார். அமெரிக்கர் பலரே அவர் வெல்லவேண்டும் என்று விரும்பினர். மூன்றாம் ஓட்டத்திலே இரு கப்பல்களும் வழியைக் கடக்க எடுத்துக்கொண்ட காலம் ஒரு வினாடியும் வேறுபாடின்றி ஒத்திருந்தது. ஆனால் ரெசொலூட்டுக்குக் கிடைத்த காலச்சலுகை ஏழு நிமிடத்துக்கு மேல். வெற்றி அதற்கே சென்றது, பின்னிரண்டும் சென்றன. கிண்ணத்துக்கு ஓர் ஓட்டம் மட்டுமே குறைய, லிப்டன் வெறுங்கையோடு நின்றார்.

1930இலே அவருக்கு வயது 82. அவ்வாண்டு விதிகள் பெரிதும் மாறின. காலச்சலுகை நீங்கிற்று, இரு கப்பல்களும் ஒரே அளவுவிதிக்கு உட்பட்டுக் கட்டப்பட்டன, முந்தியவரே வென்றவர் என்னும் எளிய முறை வந்தது. முப்பதாண்டு வழக்குக்கு அது விடையெனத் தோன்றிற்று. ஆயினும் ஹரல்ட் வாண்டர்பில்ட் ஓட்டிய என்டர்பிரைஸ் புதிய உலோகப் பாய்மரத்தையும் புதுக் கருவிகளையும் தாங்கி வந்து, ஐந்தாம் ஷாம்ரொக்கை நான்கு ஓட்டத்திலும் வென்றது. விதி சமமாயினும் வசதி சமமாகவில்லை என்ற புதிய வழக்குத் தொடங்கிற்று. வில் ரொஜர்ஸ் என்னும் நகைச்சுவையாளர், தோற்றவருக்கு ஆளுக்கு ஒரு டொலர் அனுப்புவோம் என்ற கருத்தைச் செய்தித்தாளிலே வெளியிட, பொதுமக்கள் பணத்தால் ஆகிய பொற்கிண்ணம் ஒன்று லிப்டனுக்கு வழங்கப்பட்டது. மளிகைக் கடைக்காரர் என்று ஒதுக்கிவைத்திருந்த இங்கிலாந்தின் அரசகுலப் பாய்க்கப்பற் கழகம் 1931இலே அவரை உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். மணம் புரியாத அவர் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகரத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விட்டுச் சென்றார்.

வெண்ணிப் போரிலே வென்ற கரிகாலனை நோக்கி, தோற்று வடக்கிருந்த சேரனே நின்னினும் நல்லன் என்ற கருத்துப்படப் பாடினார் வெண்ணிக் குயத்தியார். தோல்வியிலும் மானம் உண்டு என்பது நம் புறநானூறு அறிந்த உண்மை. லிப்டனுடைய பண்பு அவ்வகையிலே போற்றத்தக்கதே. கப்பலோட்டம் வெறும் விளம்பரம் என்று பழித்தோரும் இருந்தனர். விளம்பரம் என்றே கொள்வோமாயினும், முப்பதாண்டு தோற்றும் முகஞ்சுளியாதிருத்தல் எளிதன்று.

ஆயினும் மலைநாட்டிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு, இக்கதையை இவ்விடத்தோடு முடிக்க மனம் ஒப்பவில்லை. ஷாம்ரொக் கப்பல்களைக் கட்டிய பணத்திலே கொழுந்து கொய்த விரல்களின் உழைப்பும் கலந்திருந்தது. அவர்களும் ஒரு விதிக்குள்ளேதான் ஓடினர். அவ்விதியை எழுதியவர் தோட்டமுடையோரும் அரசும். கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தாலன்றி ஒரு தொழிலாளி வேறு தோட்டத்தை நாட முடியாதவாறு கட்டிவைத்த துண்டு முறை 1921ஆம் ஆண்டுவரை நீடித்தது. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது 1927இலே. லிப்டன் இறந்து பதினேழாண்டின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஆடுகளத்திலே பிறந்து வளர்ந்தவர்களையே ஆட்டத்தினின்றும் நீக்கிற்று. அவர்க்கு அத்திலாந்திக்கைக் கடந்து மறுமுறை வருவதற்குக் கப்பல் இல்லை. பொற்கிண்ணம் கொடுப்பார் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே எஞ்சியோரின் குடியுரிமை வழக்கு முடிவை நெருங்கிற்று.

மாற்றார் எழுதிய விதியின்கீழ்த் தோற்றும் புன்னகைப்பது, மீண்டும் போட்டியிடும் வசதி உள்ளவர்க்கு அழகு. அவ்வசதி இல்லாதவரையும் அவ்வாறே புன்னகைக்கச் சொல்வது அறமாகாது. அவர்க்கு முறையிடுதலே அழகு. எனினும் இரு வரலாறுகளுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. விதி கல்வெட்டன்று. தோற்றவர் களத்தை விட்டு அகலாது மீண்டும் மீண்டும் வந்து நின்றமையால் அங்கே காலச்சலுகை நீங்கிற்று. இங்கே துண்டு நீங்கிற்று.

ஆகவே என் மாணவர் பந்தய விதிகளைப் பற்றி வாதிடும்போது அதனை வீண்பேச்சென்று நான் தடுப்பதில்லை. எச்சாரதி வல்லவன் என்று கேட்பதற்கு முன், விதியை எழுதியவர் யார், அதை எழுதும்போது உடனிருந்தவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்குமாறு அவர்களைப் பணிக்கிறேன். விளையாட்டிலே அக்கேள்வியைக் கேட்கப் பழகியவன் வாழ்விலும் அதைக் கேட்கத் தவறமாட்டான்.