ஊர் கூடி வளர்த்த பள்ளி

நுழையும்முன்

ஈகை, சமத்துவம், பொதுநலம் ஆகிய சொற்களின் பொருளை அகராதி தரும். அவற்றைப் பண்பாக மாற்றுவது பழக்கமே. அப்பழக்கத்திற்குரிய களமாகப் பொதுப்பள்ளியை ஆக்க முயன்ற கல்வியாளர் நெ. து. சுந்தரவடிவேலு. அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஒரகடம். மகிழுந்துகளும் சரக்குந்துகளும் அவற்றின் உதிரிபாகங்களும் உருவாகும் தொழிற்சாலைகள் இன்று அங்கு நிறைந்துள்ளன. உழவர் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள் பலர் இயந்திரங்களை இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களாக உயர்ந்துள்ளனர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இவ்வட்டாரம் ஏரிப்பாசனத்தை நம்பிய சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. எழுத்தறிவு மிகச் சிலருக்கே வாய்த்திருந்தது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இந்நிலப்பகுதியில், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில், 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் சுந்தரவடிவேலு பிறந்தார். தந்தை துரைசாமி, தாய் சாரதாம்பாள். ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும் அவர் பெயரின் முன் நிலைத்தன. சாதிப்பெயர் அதில் இடம்பெறவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பெரியாரின் பகுத்தறிவுக் கருத்துகளில் பற்றுக்கொண்ட அவர், காந்தம்மாளைச் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார். பிறருக்கு எடுத்துரைக்க விரும்பியதைத் தம் இல்லத்திலேயே முதலில் நடைமுறைப்படுத்தினார்.

பசியும் படிப்பும்

கல்வித்துறையில் ஆய்வு அலுவலராகப் பணியாற்றிய காலத்தில், பல மாவட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளை நேரில் கண்டார். பள்ளி இருந்தும் பிள்ளைகள் வராத ஊர்கள் இருந்தன; வந்த பிள்ளைகளும் இடையில் நின்றுவிடும் நிலை இருந்தது. ஆடு மேய்க்கும் சிறுவனின் உழைப்பை நம்பிக் குடும்பம் வாழும்போது, படிப்பின் பெருமையை எடுத்துச் சொல்வதால் மட்டும் பயன் விளையாது என்பதை அவர் உணர்ந்தார்.

1954இல் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அதே ஆண்டில், நாற்பத்திரண்டு வயதை எட்டும் நிலையில், சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1955இல் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது. நாளைய வாழ்வைப் பற்றிய அச்சம் நீங்கிய ஆசிரியரே மாணவர்க்கு அஞ்சாமையைக் கற்பிக்க இயலும் அன்றோ?

எனினும், பசி என்னும் தடை நீங்கவில்லை. பள்ளிகளில் நண்பகல் உணவு வழங்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, அதற்குரிய நிதி எங்கே என்னும் வினாவும் உடன் எழுந்தது. அரசின் ஆணைக்காகக் காத்திராமல் ஊர்மக்களின் நன்கொடையைக் கொண்டு தொடங்கும் வழியைச் சுந்தரவடிவேலு மேற்கொண்டார். 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் இப்பணியைத் தொடங்கி வைத்தார். ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. நெல்லும் பருப்பும் விறகும் மக்களிடமிருந்து வந்தன. மக்கள் முயற்சியின் வலிமையைக் கண்ட அரசு, 1957 முதல் உணவுக்கு மானியம் வழங்கியது.

இவ்வுணவு வயிற்றை நிரப்பியதோடு நின்றுவிடவில்லை. வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். தீண்டாமை தீது என்று எழுதிப் பழகுவதைக் காட்டிலும் அந்த வரிசை ஆழமான பாடமாக அமைந்தது.

சீரமைப்பு மாநாடுகள்

1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடைபெற்றது. தொடர்ந்து மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நிகழ்ந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் தேவையானவை யாவை என்று ஆசிரியர்களும் ஊர்மக்களும் கூடிப் பட்டியலிட்டனர். நிலம் வைத்திருந்தோர் நிலம் கொடுத்தனர். பொருள் படைத்தோர் கட்டடம் எழுப்பித் தந்தனர். ஏனையோர் தண்ணீர்ப் பானை, கரும்பலகை, கடிகாரம், நிலப்படம் என இயன்றதை அளித்தனர். உழைப்பை அளித்தோரும் உண்டு. பெருங்கொடையும் சிறுகொடையும் ஒரே மேடையில் மதிப்புப் பெற்றன.

பிள்ளைகளுக்குச் சீருடை வழங்குவதும் இவ்வியக்கத்தில் இடம்பெற்றது. கிழிந்த ஆடையோடு வந்த பிள்ளை கூனிக் குறுகிக் கடைசி வரிசையைத் தேடும் நிலையைச் சீருடை மாற்றியது. கொடுப்போர் உயர்ந்தோர், பெறுவோர் தாழ்ந்தோர் என்னும் எண்ணம் தோன்றினால் ஈகையே இழிவாகிவிடும். ஊர் முழுவதும் கொடுத்து, ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் பெறும்போது அவ்வேறுபாடு மறைகிறது. தம் கைப்பொருளால் எழுந்த சுவரை மக்கள் தாமே காத்தனர். பொதுச்சொத்தைப் பேணுதல் என்னும் குடிமைப் பண்பு இவ்வாறு முதியோர்க்கும் பாடமாயிற்று.

பிற்காலப் பணிகள்

பொது நூலகத் துறையின் இயக்குநராகவும் அவர் செயலாற்றினார். 1961இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் இருபத்தேழு ஆண்டுகள் வகித்த சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியை அவருக்குப் பின் ஏற்று, 1969 முதல் 1975 வரை பணியாற்றினார். தம் அனுபவங்களை ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாற்றில் பதிவு செய்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார்.

நண்பகல் உணவு 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. அரசே செலவை ஏற்கும் இக்காலத்தில் ஊரின் பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதுதல் தவறாகும். ஒரகடம் வட்டாரத்தில் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பறைக்கு வரும்போது, அவர்களுக்கு அருகில் இடமளிப்பதும் உணவு வரிசையில் உடன் அமர்வதும் மாணவர் கையில் உள்ள செயல்கள். சுந்தரவடிவேலு வளர்க்க விரும்பிய குடிமைப்பண்பு அங்கிருந்தே தொடங்குகிறது.