தேசிங்கு ராசன்

தேசிங்கு ராசன் (இறப்பு: அக்டோபர் 3, 1714) செஞ்சிக் கோட்டையைச் சில மாதங்களே ஆண்ட புந்தேல ராசபுத்திர அரசர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங். தேசிங்கு என்பது அதன் தமிழ் வழக்கு. வட தமிழகத்துக் கதைப்பாடல்களாலும் தெருக்கூத்தாலும் பெரிதும் அறியப்பட்டவர்.

வரலாறு

1698 இல் மராத்தியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றிய முகலாயர், பின்னர் தேசிங்கின் தந்தை சொரூப் சிங்கை அதன் கோட்டைத் தலைவராக நியமித்தனர். அவர் 1714 இல் இறந்தபோது ஆற்காட்டுக்குச் செலுத்தவேண்டிய திறை பல ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்ற தேசிங்கு, கோட்டை தமக்குரியது எனக் கூறித் திறை செலுத்த மறுத்தார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையுடன் வந்தார். சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்த்த தேசிங்கு போர்க்களத்தில் இறந்தார். அப்போது இவருக்கு வயது 22 எனப்படுகிறது. இவரது இளம் மனைவி உடன்கட்டை ஏறினார்.

கதைப்பாடலில்

கதைப்பாடலில் தந்தையின் பெயர் தேரணி சிங்கு. எவராலும் ஏறமுடியாத தில்லிப் பாதுசாவின் குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கித் தந்தையைச் சிறைமீட்கிறான். சிங்கவரம் அரங்கநாதர் போரைத் தள்ளிப்போடுமாறு உணர்த்தியும் அவன் கேட்கவில்லை. அதனால்தான் பெருமாளின் முகம் திரும்பியது என்பர். வழுதாவூரில் மணக்கோலத்தில் இருந்த நண்பன் மோவுத்துக்காரன் (மகபத் கான்) செய்தி கேட்டதும் திருமணத்தை விட்டுவிட்டுக் களத்திற்கு வந்து மடிகிறான். திறை நிலுவையில் தொடங்கிய பூசலை மக்கள் இந்த நட்புக்காகவே நினைவில் வைத்துள்ளனர் எனலாம்.

ஊர்ப்பெயர்கள்

போர் நடந்த இடமாகக் கடலி என்னும் சிற்றூர் சுட்டப்படுகிறது. செஞ்சி அருகேயுள்ள நீலாம்பூண்டியில் மகபத் கானின் கல்லறையும் குதிரையின் கல்லறையும் காட்டப்படுகின்றன. மகபத் கானின் குதிரை பெயர் நீலவேணி. இந்த ஒலியொற்றுமையை மட்டும் கொண்டு குதிரையால் ஊர் பெயர் பெற்றது என முடிவுசெய்ய இயலாது. பூண்டி என முடியும் ஊர்கள் வட தமிழகத்தில் மிகப்பல. ஆற்காட்டிற்கு எதிரே பாலாற்றின் வடகரையில் உள்ள இராணிப்பேட்டை, தேசிங்கின் மனைவியின் நினைவாக நவாபால் அமைக்கப்பட்டது என்பது மரபு. கணவனைக் கொன்றவரே மனைவிக்கு ஊர் எழுப்பினார் என்னும் இச்செய்தி கதைப்பாடலைவிட வியப்பானது. 2019 முதல் அவ்வூர் மாவட்டத் தலைநகராக உள்ளது.

எம். ஜி. ஆர். நடித்த ராஜா தேசிங்கு திரைப்படம் 1960 இல் வெளிவந்தது.