ஜி. டி. நாயுடுவும் ஒரு ரட்ஜ் வண்டியும்

கோவையில் ஹோப் காலேஜ் பஸ் நிறுத்தத்தை அறியாதவர் இல்லை. அங்கே ஹோப் என்ற பெயரில் எந்தக் கல்லூரியையும் இன்று காண முடியாது. பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மனிதருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு அந்த வண்டியின் கதையைச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். பொறியியல் படிப்போர் மட்டுமல்லர், வரலாறும் பொருளாதாரமும் படிப்போரும் கேட்கவேண்டிய கதை இது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடி வந்தார் என்றும் சொல்வர். காட்டில் வேலை, கையில் கிடைத்த புத்தகம், இவ்வளவே அவருடைய இளமை.

இருபது வயதை ஒட்டிய காலம். ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்காமல், குதிரை பூட்டாமல், இரண்டே சக்கரத்தில் ஓடிய அந்த வண்டியை இளைஞர் கண்டார். கண்டவர் பலர். வியந்து கைகொட்டியவரும் பலராக இருந்திருப்பர். இவருக்கோ அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. வீட்டை விட்டுக் கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுகள் சில உழைத்துக் காசுமேல் காசாகச் சேர்த்தார். முந்நூறு ரூபாய் அளவில் விலை பேசி அந்த வண்டியையே வாங்கினார் என்பது வரலாறு. வாங்கியவர் ஊரைச் சுற்றி வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டார்!

அந்த நாளைய ரட்ஜ் வண்டி எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்த வண்டி அது. ஒற்றைச் சிலிண்டர்; அதன் கொள்ளளவு 499 கன சென்டிமீட்டர். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோனது சங்கிலியன்று, பட்டை. இன்றைய வண்டிகளில் எண்ணெய் தானே சுழன்று வருகிறது. அன்றோ, ஓட்டுபவரே இடையிடையே கைப்பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டவேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிவிடும். மழையில் நனைந்தால் பட்டை வழுக்கும். அந்தக் கம்பெனியார் செய்த 'மல்ட்டி' என்னும் வகையில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. எஞ்சின் பக்கத்துக் கப்பியின் இரு தட்டுகளும் நெருங்கும்போது பின்சக்கரத்துக் கப்பியின் தட்டுகள் விலகும். அதனால் பட்டை தளராமலேயே வேகத்தின் விகிதம் மாறும். இருபது படிகள் வரை இப்படி மாற்றலாம். இந்த வகை வண்டியில்தான் சிரில் புல்லின் என்பவர் 1914இல் மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றார். நாயுடு வாங்கியது எந்த வகையாயினும், எழுத்தறிவு குறைந்த ஒரு கிராமத்து இளைஞர் துணைக்கு ஆளின்றி இத்தகைய எஞ்சினைக் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டி ஓடவைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கழற்றுவது எவர்க்கும் கைகூடும். பூட்டுவதில்தான் இருக்கிறது வித்தை. தில்லி கரோல் பாகின் நாய்வாலா தெருக்களில் நடந்து பார்த்த நண்பர்களுக்கு இது விளங்கும். பழைய புல்லட்டுகளை எலும்பெலும்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். என் அறைத் தோழரும் நானும் ஒரு கோடை விடுமுறையில் அத்தகைய வண்டி ஒன்றை வீட்டு மாடியில் பிரித்தோம். கழற்றிய வரிசையிலேயே திருகாணிகளைப் பழைய செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்தோம். கார்புரேட்டரின் சின்னஞ்சிறு துளையில் அடைந்திருந்த அழுக்கைப் பெட்ரோலில் கழுவினோம். பிஸ்டன் வளையங்களை மாற்றி, வால்வுகளைப் பசை தடவி அரைத்துப் பொருத்தியபின், தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய மட்டும் மூன்று நாள் பிடித்தது. எங்களுக்குக் கையில் கைப்பேசியும் அருகில் கடைத்தெருவும் இருந்தன. நாயுடுவுக்கு எது இருந்தது?

அந்தப் புல்லட்டுக்கும் ஒரு பழம்பெருமை உண்டு. 1948இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் வென்ற பிரிட்டிஷ் அணியில் அது ஓடியது. பாறையிலும் சேற்றிலும் கால் ஊன்றாமல் ஏறவேண்டிய ஸ்காட்லாந்து ஆறு நாள் பந்தயத்தை ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் அவ்வகை வண்டியில் வென்றார். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபின் அது நம் நாட்டு வண்டியாயிற்று. நிற்க.

பிரித்துப் பூட்டிய கை சும்மா இருக்குமா? நாயுடு திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் பொருள் குவிந்தது; பம்பாய்ப் பஞ்சு வாணிகத்தில் அதெல்லாம் கரைந்தது. மீண்டும் வெறுங்கையர். அப்போது கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். எண்ணாயிரம் ரூபாய் விலையுள்ள பஸ்ஸுக்குப் பாதித் தொகையைக் கடனாகத் தந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பஸ் ஓடியது. ஓட்டியவர் முதலாளியேதான். பின்னர் யு.எம்.எஸ். என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்துக்கு 1930களில் 280 பஸ்கள் இருந்தன என்பர். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். கோவையின் மோட்டார், பம்புத் தொழில் வளர்ந்த வழியை இங்கே தொட்டுக் காணலாம். உலர்மின்கலத்தால் இயங்கும் சவரக் கத்தி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதியும் இயந்திரம், எழுபது ரூபாய் வானொலி என்று பட்டியல் நீளும். முழுதும் எழுதினால் இந்த இதழ் போதாது.

அவர் கல்விக் கொள்கைக்கு வருகிறேன். இது எங்களைச் சுடும் இடம். 1945இல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பள்ளியும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்ற அவரே காரணர். பொறியியலுக்கு நான்கு ஆண்டு வேண்டாம், பாதிக் காலம் போதும் என்பது அவர் வழக்கு. அரசினர் ஒப்பவில்லை. அவர் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

இதில் நான் நாயுடுவுடன் முழுதும் உடன்படவில்லை. கணிதமும் பொருளியற்பியலும் பட்டறையில் மட்டும் வந்துவிடா. அவரைப் போன்றவர் நூறாயிரத்தில் ஒருவர். அவருக்குப் பொருந்திய சட்டையை எல்லாருக்கும் தைக்க முடியாது. ஆயினும் நான்கு ஆண்டில் ஒருநாளேனும் எண்ணெய் படாத கையோடு பட்டம் பெறும் எஞ்சினியர்கள் எங்கள் விடுதியிலேயே உண்டு. அவர்களைக் காணும்போது கிழவரின் கோபம் நியாயமாகவே படுகிறது.

தில்லிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இனிப்பானதன்று. 1952இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் காரைச் செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்றார். அதைத் தொகுதியாக உற்பத்தி செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டும், அது கிடைக்கவில்லை. யாருக்கு எதைச் செய்ய அனுமதி என்று தலைநகரின் மேசைகளில் தீர்மானித்த காலம் அது. வரிச்சுமையை எதிர்த்துத் தம் கருவிகளைத் தாமே பொதுமேடையில் உடைத்துக் காட்டினார். வேலை கெட்ட வேலை என்று சிலர் முகம் சுளித்தனர். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், மெச்சவும் மாட்டேன். செய்யத் தெரிந்தவன் உடைக்கும்போது ஏற்படும் வலி, வாங்கியவன் உடைக்கும்போது ஏற்படுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. 2021இல் வந்த மோட்டார் வாகன விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதியலாம். ஆனால் சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழமையைக் காப்பவர்க்கு இது நல்ல விதி. நாயுடுவின் கையில் பட்ட வண்டி எதுவும் பழைய உருவில் மிஞ்சியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கி, ஆய்வாளருக்கு உதவுவதிலும் பருத்தி, பப்பாளி முதலிய பயிர் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர், 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. விடுமுறைக்குக் கேரளா எக்ஸ்பிரஸில் ஊர் செல்லும் தோழர்கள், மேலே பறந்து போகாமல் கீழே சாலையில் ஒரு முறை செல்லுங்கள். அவருடைய கண்காட்சிக் கூடமும், 2015இல் குடும்பத்தார் திறந்த பழங்கார்க் காட்சிசாலையும் அந்தச் சாலையிலேயே இருக்கின்றன.