ஆகாயப்படைத் தலைவர் லெனாட் பேர்ச்சல்

கடல் சூழ்ந்த ஊரிற் பிறந்தார்க்குத் தொடுவானத்தை நோக்குதல் இயல்பாகவே வாய்த்த பழக்கமாகும். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கரையில் நின்று, தூரத்தே தோன்றும் கரும்புள்ளி தோணியோ பிறிதோ எனப் பகுத்தறிய நம்மவர் இளமையிலேயே கற்றுக்கொள்கின்றனர். அத்தகைய பார்வையொன்றினால் இலங்கைச் சரித்திரத்தில் இடம்பெற்றவர் கனடா தேசத்து விமானி லெனாட் பேர்ச்சல் என்பார். அவரை இலங்கையின் இரட்சகர் என உலகம் போற்றிற்று. அப்பெயர் எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்வதும், அதனினும் பெரிதாகிய அவர்தம் தொண்டினை மாணவர்க்கு எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

பேர்ச்சல் அவர்கள் 1915ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆம் நாள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சென் கதரின்ஸ் நகரிற் பிறந்தார். கிங்ஸ்ரன் நகரிலுள்ள றோயல் இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1937இல் அதனை முடித்துக்கொண்டு கனடிய ஆகாயப்படையிற் சேர்ந்தார். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அத்திலாந்திக்குச் சமுத்திரக் கரையிற் காவற் பறப்புக்களை மேற்கொண்டார்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் இரங்கூனும் வீழ்ந்தது. இலங்கை மக்களை அச்சம் பற்றிக்கொண்டது. நமது பலாலி விமானத்தளமும் அப்போர்க்காலத்தில் அமைந்ததேயாம். இந்நிலையிலே, பேர்ச்சல் அவர்களின் 413ஆம் படையணி, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிக்கு அனுப்பப்பட்டது. அவர் அங்கு வந்திறங்கிய நாள் ஏப்பிரல் 2.

அவர் செலுத்திய கற்றலீனா என்னும் விமானம் நீரில் இறங்கவல்ல பறக்கும் படகாகும். அதன் இறக்கைகளின் அகலம் 104 அடி; இயந்திரங்கள் இரண்டு. ஒருமுறை நிரப்பிய எண்ணெயைக் கொண்டு 20 மணி நேரத்திற்கு மேலும் வானில் நிற்க வல்லது. ஆயினும் அதன் வேகம் மணிக்கு 200 மைலை எட்டாது. எதிரியின் சீரோ என்னும் போர் விமானமோ 300 மைலுக்கு மேற்பட்ட வேகமுடையது. ஆதலின் பகைவர் கண்ணிற் பட்டபின் கற்றலீனா தப்பியோடுதல் அரிது. நெடுநேரம் நின்று பார்ப்பதற்கே அமைந்த விமானம் அது.

ஏப்பிரல் 4ஆம் நாள் விடியற்காலையில் ஒன்பதின்மர் அதிலேறித் தென்கடலை நோக்கிப் புறப்பட்டனர். பகல் முழுவதும் யாதொன்றும் தென்படவில்லை. பிற்பகலில், இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 350 மைல் தூரத்தில், தொடுவானத்திற் சில புள்ளிகள் தோன்றின. திரும்பிவிடாது, அவை யாவையென அறிய அணுகிச் சென்றார் பேர்ச்சல். அவை விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்தினையுடைய யப்பானியக் கடற்படையாய் இருந்தன. உடனே கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பத் தொடங்கினர். சீரோ விமானங்கள் சூழ்ந்து தாக்கின. செய்தி முற்றாக அனுப்பப்படுமுன்னரே தந்திக்கருவி சிதைந்தது. விமானம் எரிந்து கடலில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரை யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று சிறைப்பிடித்தது. செய்தி அனுப்பவில்லை என அவர்கள் மறுத்து நின்றபோது, அதனை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு வானொலி வழியாகக் கேட்டதை யப்பானியர் செவியுற்றனர். அதன்பின் அவர்கள் பட்ட அடி கொஞ்சமன்று.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முன்னெச்சரிக்கை கிடைத்தமையாற் கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்தன. அவற்றிலிருந்தோர் உயிர் பிழைத்தனர். எனினும் பகைவர் வந்த வேளையில் இரத்மலானை விமானங்கள் தரையிலேயே நின்றன. அன்றே கோண்வோல், டோசெற்சயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்க, 400 பேருக்கு மேல் மடிந்தனர். 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அமிழ்ந்தது. அன்றியும், அப்போது இலங்கையிற் படையிறக்கும் திட்டம் யப்பானியர்க்கு இருந்ததில்லை. ஆதலால் நாட்டையே காத்தார் என்பது சற்று மிகையே. பல உயிரைக் காத்தார் என்பதோ மறுக்கொணா உண்மை.

ஆனால் அவர்தம் உண்மைப் பெருமை சிறையிலேயே வெளிப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேலாக யப்பானிய முகாம்களில் அவர் கைதியாயிருந்தார். கைதிகளுள் மூத்த அதிகாரியாயிருந்தமையால், நோயாளரை வேலைக்கு இழுத்த காவலரை எதிர்த்து நின்றார். அதற்காகத் தாம் கொடிய அடி பட்டார். 1944இல், நோயாளரை விலக்கினாலன்றி ஒருவரும் வேலை செய்யார் என வேலைநிறுத்தம் நடத்தினார். அதன் பயனாகத் தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு நிகழ்ந்த கொடுமைகளை இரகசியமாக நாட்குறிப்பில் எழுதி மண்ணிற் புதைத்து வைத்தார். 1945 ஓகஸ்டில் விடுதலை பெற்றபின், அக்குறிப்புக்கள் போர்க்குற்ற விசாரணைகளிற் சான்றாயின.

பின்னாளில், தாம் பயின்ற கல்லூரிக்கே 1963 முதல் 1967 வரை தலைவராய் அமர்ந்தார். பழைய மாணவர் ஒருவர்க்கு இதனினும் சிறந்த பேறு யாது? 2004 செப்டெம்பர் 10ஆம் நாள், அக்கல்லூரி அமைந்த கிங்ஸ்ரன் நகரிலேயே தமது 89ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வானிற் செய்த செயல் சில நிமிடங்களுக்குரியது. அதற்கு உலகம் பட்டம் சூட்டியது. சிறையிற் செய்ததோ பார்ப்பார் எவருமின்றி நாடோறும் செய்தது; பட்டம் எதனையும் எதிர்பாராதது. இடுக்கண் அழியாமை என வள்ளுவர் வகுத்த அதிகாரத்தைக் கற்கும் மாணவர், அதற்கு விளக்கமாகப் பேர்ச்சல் அவர்களின் அச்சிறைவாழ்வை நினைவிற் கொள்வாராக.