சேலம் விஜயராகவாச்சாரியாரும் சட்டசபையின் அதிகாரமும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் பெருவழி தொப்பூர்க் கணவாயின் வழியே ஏறுகிறது. 1965-ஆம் வருஷத்தில் தருமபுரி தனி ஜில்லாவாகும் வரை, தொப்பூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்த ஜில்லாவின் பெயரைத் தேசமெங்கும் விளங்கச் செய்தவர் ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியார். சட்டசபைக்கு உயிர் எது என்பதை அவரது வாழ்க்கை நமக்கு நன்கு போதிக்கிறது.

அவர் 1852-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள பொன்விளைந்த களத்தூரில் பிறந்தார். சேலத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். 1882-ஆம் வருஷத்துக் கலகத்தைத் தூண்டியதாக அவர்மீது குற்றஞ்சாட்டி, பத்து வருஷ தண்டனை விதித்தார்கள். சென்னை ஹைகோர்ட் அவரை விடுவித்தது. அந்தச் சோதனை அவரை ஒடுக்கவில்லை. உத்தியோகஸ்தரின் தன்னிச்சைக்குச் சட்டமே வேலி என்னும் உறுதியையே வளர்த்தது.

1895-இல் அவர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1892-ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கத்தினர் கேள்வி கேட்கலாம். வரவுசெலவைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஒரு காசையும் குறைக்க வோட்டளிக்க இயலாது. 1913 முதல் 1916 வரை இந்திய சர்க்காரின் சட்டசபையில் பணியாற்றினார். அங்கே தீர்மானம் கொண்டுவர இடமிருந்தது. ஆயினும் பெரும்பான்மை உத்தியோகஸ்தர்களுடையது. தீர்மானம் நிறைவேறினாலும் அது சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. பேச நாவுண்டு, பிடிக்கக் கையில்லை என்பதே அச்சபைகளின் நிலை.

அமைப்பு விதிகளின் அருமையை இவ்வாறு அநுபவத்தில் அறிந்தவர் அவர். 1887-இல் காங்கிரஸுக்கு விதிகள் வகுக்க நியமித்த கமிட்டியில் அவரும் இருந்தார். 1920-இல் அவர் தலைமை வகித்த நாகபுரி காங்கிரஸ், மொழிவாரி மாகாணங்களையும், 350 பேர் கொண்ட அகில இந்திய கமிட்டியையும், 15 பேர் கொண்ட காரியக் கமிட்டியையும் ஏற்படுத்தியது. சுயராஜ்யத்திற்கான அரசியலமைப்பு நகல் ஒன்றையும் அவர் தயாரித்தார். 1944-இல் காலமானார், அரசியல் நிர்ணய சபை கூடியதோ 1946-இல்.

அவர் காணாத அதிகாரம் 1950 ஜனவரி 26 முதல் நம்முடையதாயிற்று. ராஷ்டிரபதியும் இரு சபைகளும் சேர்ந்தது பார்லிமெண்ட். சட்டமின்றி வரி இல்லை; லோக்சபையின் சம்மதமின்றி மானியம் இல்லை; மந்திரிகள் கூட்டாக லோக்சபைக்கே பொறுப்பாளிகள். பண மசோதாவை ராஜ்யசபை பதினான்கு நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. வயது வந்த ஆண் பெண் யாவருக்கும் வோட்டுரிமை உண்டு.

ஆனால் விதி அளித்த அதிகாரத்தை மனிதர் செலுத்தாவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காயே. குறித்த நேரம் முடிந்தவுடன், விவாதிக்கப்படாத மானியக் கோரிக்கைகளை ஒருமிக்க வோட்டுக்கு விட்டு நிறைவேற்றும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. கேட்க மட்டுமே உரிமையிருந்த சபையிலும் ஆச்சாரியார் ஓயாது கேட்டார். மறுக்கவும் உரிமை பெற்ற சபையில் நம் பிரதிநிதிகள் மௌனமாயிருப்பார்களானால், அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் தொப்பூரிலும் மற்ற ஊர்களிலும் உள்ள வோட்டர்களே.